விருந்தினர் கையில் சாவி: யூஎஸ்பி ஒப்படைப்பின் வரலாறும் புணேயும்

புணே நகரின் வடமேற்கே, முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதி சாங்வி. பழைய சாங்வி, புதிய சாங்வி என இரண்டாக வழங்கும் இவ்வூர் ஆட்சிமுறையில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. முளாவின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் ஔந்த். அங்கிருந்து சற்றுத் தொலைவில் கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகம். 1988-இல் தொடங்கப்பட்ட உயர் கணிப்பு வளர்ச்சி மையம், அதாவது சி-டாக், அவ்வளாகத்தில்தான் வேரூன்றியது. 1991-இல் பரம் 8000 மீகணினி வெளிவந்ததும் அங்கிருந்தே. அந்த மீகணினியைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அதே நிறுவனம் அதே ஆண்டுகளில் சாதாரண மேசைக் கணினிக்குள் செருகுவதற்கென்று செய்த ஓர் அட்டையைப் பற்றி எழுதப்படவில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டி, கையில் தொட்டறியக்கூடிய ஒரு கருவியை அதனிடம் ஒப்படைக்கும் கலையின் இந்திய முன்வரலாற்றைத் தேடுவோருக்கு அந்த அட்டையே பொருத்தமான தொடக்கம்.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் நடந்த ஆய்வின் விளைவாகிய ஜிஸ்ட் தொழில்நுட்பம் சி-டாக்கின் வழியாகச் சந்தைக்கு வந்தது. ஜிஸ்ட் அட்டையின் தனித்தன்மை அதன் பணிவில் இருந்தது. டாஸ் இயங்குதளத்தில் ஓடிய தரவுத்தள நிரலோ கணக்குத்தாள் நிரலோ தமிழையோ மராத்தியையோ அறியாது. திரைக்கு எழுத்துகளை அனுப்புவது மட்டுமே அதற்குத் தெரியும். இடையில் நின்ற அட்டை அந்த எழுத்துக் குறியீடுகளை வாங்கி, இந்திய எழுத்துருவாக்கித் திரையில் காட்டியது. நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. தான் பழைய, பழக்கமான வன்பொருளோடு பேசிக்கொண்டிருப்பதாகவே நிரல் நம்பிக்கொண்டிருக்கும். 1991-இல் இந்தியத் தர நிறுவனம் இஸ்கி குறிமுறையை ஏற்றபோது இந்த ஏற்பாட்டுக்குத் தரநிலை என்ற அடித்தளமும் வாய்த்தது. நம்பவைக்கப்பட்ட நிரல், நம்பவைக்கும் இடையாள் என்ற இணையைத்தான் மெய்நிகர் பொறிகளின் வரலாறு முழுவதும் வெவ்வேறு வேடங்களில் சந்திக்கிறோம்.

அவ்வரலாறு இந்தியாவில் தொடங்கவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960-களின் நடுவில் உருவான சிபி-40, அதைத் தொடர்ந்த சிபி-67 ஆகிய கட்டுப்பாட்டு நிரல்கள் ஒரே பெருங்கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்தன. 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட விஎம்/370 அந்த ஆய்வின் வணிக வடிவம். (சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அம்மாதிரி முதலில் வெளிவந்தபோது, விஎம்/370-க்கு இன்றியமையாத முகவரிப் பெயர்ப்பு வன்பொருள் அதில் இருக்கவில்லை.) நினைவகத்தைப் பங்கிடுவதும் செயலியின் நேரத்தைப் பங்கிடுவதும் அந்தப் பொறியாளர்களுக்குக் கடினமாயினும் தெளிவான சிக்கல்கள். புறக்கருவிதான் தொல்லை. வட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுக்கலாம். அட்டைப் படிப்பியையும் அச்சுப்பொறியையும் வரிசைமுறையால் சமாளிக்கலாம். காந்த நாடா இயக்கியை என்ன செய்வது? ஒரு நாடா ஒரு நேரத்தில் ஒருவருக்கே பயன்படும். அதை நறுக்க முடியாது, இரண்டு பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனவே 'அட்டாச்' என்றொரு கட்டளை. பயனர் கேட்பார், இயக்குநர் அறையில் நாடாவை ஏற்றி, அந்த இயக்கியை இன்ன பயனரின் மெய்நிகர் பொறிக்கு இன்ன முகவரியில் ஒப்படைப்பார், வேலை முடிந்ததும் மீட்டுக்கொள்வார். ஒரு கருவியை நிரந்தரமாக ஒருவருக்கு ஒதுக்கப் பயனர் பதிவேட்டில் 'டெடிகேட்' என்ற குறிப்பும் இருந்தது. இன்று மேசைமேல் நடக்கும் யூஎஸ்பி ஒப்படைப்பின் இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒப்படைத்த பிறகும் கட்டுப்பாட்டு நிரலின் வேலை ஓய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மெய்நிகர் பொறி நாடாவுக்கு எழுதும் கட்டளைத் தொடரில் அது தனக்குரியதாக எண்ணிக்கொண்டிருக்கும் நினைவக முகவரிகளே இருக்கும். மெய்யான முகவரிகள் வேறு. கட்டுப்பாட்டு நிரல் அத்தொடரைப் படித்து, முகவரிகளைத் திருத்தி எழுதி, அதன்பிறகே கருவிக்கு அனுப்பியது. ஆகவே 'நேரடியாகக் கொடுத்தல்' என்பது தொடக்கத்திலிருந்தே பாதி உண்மைதான்.

கோட்பாட்டாளர்கள் இத்தொல்லையை ஒதுக்கியே வைத்தனர். 1974 ஜூலையில் ஜெரால்டு போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் வெளியிட்ட கட்டுரை, எந்தக் கணினியை மெய்நிகராக்க முடியும் என்பதற்கு முறையான நிபந்தனைகளை வகுத்தது. இத்துறையின் மூலநூல் போன்று மேற்கோள் காட்டப்படும் அக்கட்டுரையின் எளிமையாக்கப்பட்ட பொறி மாதிரியில் உள்ளீடு வெளியீட்டுக்கு இடமில்லை. செயலியும் நினைவகமும் உண்டு. அச்சுப்பொறி கிடையாது, நாடா கிடையாது. தேற்றத்தின் அழகுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அங்கே விடுபட்டதைச் செய்முறையாளர்கள் அடுத்த நாற்பது ஆண்டுகள் துண்டுதுண்டாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 வரையறை வெளிவந்தது. காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்களின் கூட்டுமுயற்சி அது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1990-இல் இன்டெல்லில் சேர்ந்த அஜய் பட் அம்முயற்சியின் முதன்மைச் சிற்பிகளுள் ஒருவராக அறியப்படுகிறார். இந்திய நாளிதழ்கள் அவரை 'யூஎஸ்பியின் தந்தை' என்று கொண்டாடுவது வழக்கம்; ஏழு நிறுவனங்களின் குழுக்கள் உருவாக்கிய ஒரு தரநிலைக்கு ஒரே தந்தையைத் தேடுவது வரலாற்று முறைக்குப் பொருந்தாது. அவரது பங்கைக் குறைக்க அப்படிச் சொல்லவில்லை.

மெய்நிகராக்கத்தின் நோக்கில் யூஎஸ்பி கொண்டுவந்த மாற்றங்கள் இரண்டு. முதலாவது, கருவி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. தயாரிப்பாளர் எண், பொருள் எண், தான் எந்த வகையைச் சேர்ந்தவன், தன்னிடம் எத்தனை வாயில்கள் உள்ளன என்று செருகியவுடன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அது விடை சொல்லும். இரண்டாவது, அதை எந்த நொடியிலும் பிடுங்கிவிடலாம். நாடா இயக்கி இயக்குநர் அறையைவிட்டு எங்கும் போகாது. யூஎஸ்பிக் கருவி ஒருவரின் சட்டைப்பையில் வீட்டுக்குப் போய்விடும். தன்பெயர் சொல்லும், இடம்பெயரும் ஒரு கருவியை எந்தப் பொறியிடம் ஒப்படைப்பது, யார் அனுமதியோடு, எதுவரை என்ற வினாக்களுக்குப் பெருங்கணினிக் காலத்தின் விடைகள் போதவில்லை.

1999-இல் விஎம்வேர் தன் மேசைக் கணினிப் பதிப்பை வெளியிட்டபோது மெய்நிகர் பொறி பெருங்கணினிக் கூடத்திலிருந்து மாணவரின் மேசைக்கு வந்தது. 2003-இல் பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரீஸ் பெல்லார் க்யூஎமு பொறிப்பாவிப்பானை வெளியிட்டார். லினக்ஸ் கணினியில் செருகிய மெய்க்கருவியை க்யூஎமுவின் விருந்தினரிடம் ஒப்படைக்கும் மூலக் கோப்பின் தலையில் 2005 என்ற உரிமை ஆண்டும் பெல்லாரின் பெயரும் உள்ளன. ஒத்திசையா முறையில் அதை ஏறத்தாழ முழுமையாகத் திருத்தி எழுதிய மாக்ஸ் கிராஸ்னியான்ஸ்கியின் பெயர் 2008 என்ற ஆண்டோடு அடுத்த வரியில் வருகிறது. கல்வெட்டுப் படிப்போர் ஆட்சியாண்டுகளைப் பார்ப்பதுபோல மூலநிரலின் தலைவரிகளையும் பார்க்கலாம்; பெரும்பாலான நிறுவன வரலாறுகளைவிட அவை நம்பத்தகுந்தவை.

'விருந்தினர்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு சிறு குறிப்பு தேவை. மெய்நிகர் பொறிக்குள் ஓடும் இயங்குதளத்தை இத்துறையினர் விருந்தினர் என்றும், அதைத் தாங்கும் கணினியை விருந்தோம்பி என்றும் அழைப்பர். பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாத புதியவர்தாம் விருந்தினர், உறவினர் அல்லர். யூஎஸ்பி ஒப்படைப்பில் இப்பழைய பொருளே சரியாகப் பொருந்துகிறது. வீட்டுக்காரருக்கு முழுமையாகத் தெரியாத ஒருவரிடம் வீட்டுப் பொருளொன்றைக் கொடுத்து வைப்பதே இங்கு நடப்பது.

அது நடக்கும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது பயனுடையது. கருவி செருகப்பட்டவுடன் விருந்தோம்பியின் கெர்னல் அதை அடையாளம் கண்டு, 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை முகவரியாக வழங்குகிறது. 7 என்று வைத்துக்கொள்வோம். அதற்குரிய இயக்கி ஒன்றையும் கெர்னல் பொருத்திவிட்டிருக்கும். ஒப்படைப்பு தொடங்கும்போது க்யூஎமு முதலில் அந்த இயக்கியை விலக்கிவிட்டுக் கருவியைத் தன் பொறுப்பில் எடுக்கிறது. பிறகு விருந்தினர் காணும் போலிக் கட்டுப்படுத்தியில், இப்போதுதான் ஒரு கருவி செருகப்பட்டது என்று அறிவிக்கிறது. விருந்தினரின் கெர்னலும் தன் கடமையைச் செய்கிறது: கருவியை அடையாளம் கேட்கிறது, 'உன் முகவரி 2' என்று கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளை கருவியைச் சென்றடைவதே இல்லை. க்யூஎமு அதை வழியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, 'ஆகட்டும்' என்று மட்டும் விடை தருகிறது. கருவி தன்னை 7 என்று அறிந்திருக்க, விருந்தினர் அதை 2 என்று அழைக்க, இடையாள் இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறார். கட்டமைப்பை மாற்றும் கட்டளைகளும் இவ்வாறே இடைமறிக்கப்படுகின்றன. மற்ற வேண்டுகோள்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதப்பட்டு மெய்க்கருவிக்குப் போய்த் திரும்புகின்றன. 1972-இன் கட்டுப்பாட்டு நிரல் நாடாவின் கட்டளைத் தொடரைத் திருத்தி எழுதியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு நேரத்தில்தான். யூஎஸ்பி ஒரு மில்லிநொடிச் சட்டகங்களால் ஆனது; 2000 ஏப்ரலில் வந்த யூஎஸ்பி 2.0 அதை எட்டாகப் பிரித்து 125 மைக்ரோநொடியாக்கியது. விசைப்பலகையும் நினைவகக் குச்சியும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஒலிக்கருவியும் படக்கருவியும் பொறுக்கா. குறித்த சட்டகத்தில் குறித்த தரவு வராவிட்டால் ஒலி விக்கும், படம் சிதறும். விருந்தினர் தன் சட்டகங்களை எண்ணிக்கொண்டிருக்கும் அதே வேளையில், விருந்தோம்பி அவருக்கு எப்போது செயலி நேரம் தரும் என்பது வேறொருவர் கையில் இருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் கண்டறியப்பட்டன. தாங்கிவைப்பு அடுக்குகளைச் சேர்த்துச் சமாளிப்பது ஒன்று. கருவியை மட்டும் கொடுக்காமல் யூஎஸ்பிக் கட்டுப்படுத்தி முழுவதையும், ஒரு பிசிஐ அட்டையாகக் கருதி, விருந்தினரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவது மற்றொன்று.

இந்த இரண்டாம் வழியின் வரலாற்றில் புணேவின் பெயர் வருகிறது. 2006 அக்டோபரில் க்யூம்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் ஆவி கிவிட்டி கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதியை அறிவித்தார். 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20-இல் அது சேர்ந்தது. 2008 செப்டம்பரில் க்யூம்ரானெட்டை ரெட் ஹாட் வாங்கியது. அவ்வாண்டு கேவிஎம்மில் பிசிஐ கருவிகளை விருந்தினரிடம் ஒப்படைக்கும் வசதி ஏறியபோது, அந்த மாற்றத்தின் பதிவுக்குறிப்பு அது க்யூம்ரானெட்டின் அமித் ஷா எழுதிய ஒட்டின் அடிப்படையில் அமைந்தது என்று தொடங்குகிறது. (இப்பெயருடைய அரசியல் தலைவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பின்னர் ரெட் ஹாட்டின் புணே அலுவலகத்திலிருந்து பணியாற்றிய இவர், விருந்தினருக்கும் விருந்தோம்பிக்கும் இடையே பல வாயில்கள் கொண்ட மெய்நிகர் தொடர் இணைப்பையும் எழுதினார். 2008-இன் ஏற்பாடு நீடிக்கவில்லை. 2012-இல் லினக்ஸ் 3.6-ஓடு வந்த விஎஃப்ஐஓ, நினைவகக் காப்பு வன்பொருளைக் கண்டிப்புடன் பயன்படுத்தி அதே பணியைப் பாதுகாப்பாகச் செய்தது. பழைய நிரல்வரிகள் பிற்பாடு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன. திறமூல வரலாற்றில் முன்னோடிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கதி இது. அவர்கள் எழுதியது அழிக்கப்படுகிறது. எழுதினார்கள் என்ற குறிப்பு மட்டும் பதிவேட்டில் அழியாமல் இருக்கிறது.

கருவி ஒரு கணினியிலும் விருந்தினர் வேறொரு கணினியிலும் இருந்தால்? ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாகாஹிரோ ஹிரோஃபுச்சி முதலானோர் 2005-இல் வெளியிட்ட யூஎஸ்பி/ஐபி ஆய்வு இக்கேள்விக்கு விடை தந்தது. கெர்னலின் யூஎஸ்பி வேண்டுகோள்களைப் பொட்டலங்களாக்கி வலையமைப்பின் வழியே அனுப்பினால், அடுத்த அறையில் செருகிய கருவி இங்கே செருகியதாகவே தோன்றும். அந்நிரல் லினக்ஸின் முன்னோட்டப் பகுதியில் பல ஆண்டுகள் காத்திருந்து 2014-இல் 3.17 பதிப்பில்தான் முறையான இடம் பெற்றது. இதற்கிடையே 2011 அளவில் ரெட் ஹாட்டின் ஹான்ஸ் டி கூடே, தொலைவிலிருந்து மெய்நிகர் மேசையைக் காண்போரின் கருவியை அம்மேசைக்கே அனுப்பும் தனி நெறிமுறையொன்றை வகுத்தார். அடுத்த அறை என்பது அடுத்த நகரமாவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் எஞ்சவில்லை.

இவையனைத்தும் பொறியியல் வரலாறு. இந்தியாவில் இது சட்ட வரலாறாகவும் ஆனது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஜூன் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் கையொப்பத்துக்கு மையொப்பத்தின் மதிப்பை வழங்கிய அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சான்றிதழ் பெற்றவர் தம் தனிச்சாவியின் கட்டுப்பாட்டைத் தம்மிடமே வைத்திருக்க உரிய கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. இந்திய சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 85பி பிரிவோ இன்னொரு படி மேலே போகிறது: பாதுகாப்பான மின்கையொப்பம் ஒன்று இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, உரியவரே ஒப்புக்கொள்ளும் நோக்கத்துடன் அதை இட்டார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இந்த ஊகத்தைத் தொடர்கிறது. ஆக, சாவி யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்ற வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. 'நான் இடவில்லை' என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்ற சட்டச் சொல்லுக்கு நடைமுறை கண்டுபிடித்த உருவம் விரல் நீளமுள்ள யூஎஸ்பி டோக்கன். ஃபிப்ஸ் 140 தரச்சான்று பெற்ற அக்குச்சிக்குள்ளேயே சாவி உருவாகிறது. உள்ளேயே கையொப்பம் கணிக்கப்படுகிறது. சாவி வெளியே வராது. கடவுச்சொல்லைத் தொடர்ந்து பிழையாக இட்டால் பூட்டிக்கொள்ளும். நிறுவனங்களின் ஆவணங்களை மின்வழி தாக்கல் செய்யும் எம்சிஏ21 திட்டம் 2006-இல் முதலில் கோயம்புத்தூரில் முன்னோட்டமாகத் தொடங்கி, அடுத்து நாடெங்கும் பரவியபோது, கம்பெனி இயக்குநர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய கையொப்பம் கட்டாயமாயிற்று. மாநில அரசுகளின் மின் ஒப்பந்தப்புள்ளித் தளங்கள் அடுத்து வந்தன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. கம்பெனிகளின் மாதாந்தரப் படிவங்களுக்கும் இக்கையொப்பம் வேண்டியிருந்தது.

டோக்கன் வந்தது, அதனோடு அதன் இயக்கி நிரல்களும் வந்தன. அவை முதன்மையாக விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. தாக்கல் தளங்கள் உலாவிக்குள் ஓடும் ஜாவா குறுநிரலை நம்பியிருந்தன. 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் அவ்வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை நிறுத்தின. உலாவி புதுப்பிக்கப்பட்டால் தளம் திறக்காது. தளம் திறக்க வேண்டுமானால் உலாவியைப் புதுப்பிக்கக் கூடாது. இந்த இக்கட்டில்தான் மெய்நிகர் பொறி ஆய்வகத்தைவிட்டுக் கணக்கர் மேசைக்கு வந்தது. லினக்ஸையோ மாக்கையோ அன்றாடம் பயன்படுத்துவோரும், புதிய விண்டோஸில் பழைய உலாவி தேவைப்பட்டோரும், பழைய விண்டோஸ் ஒன்றை விருந்தினராக உள்ளே உறையவைத்து, மாதம் ஒருமுறை டோக்கனை அதனிடம் ஒப்படைத்துப் படிவத்தில் கையொப்பமிட்டனர். ஹிஞ்சவடித் தொழில்நுட்பப் பூங்காவின் ஊழியர்களும் சிறுதொழில் நடத்துவோரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் சாங்வி போன்ற புறநகருக்கு இந்தத் தேவையின் இரு முனைகளும் அண்டை அயல்தான். புத்தம்புதிய கணினிக்குள் காலாவதியான ஒரு கணினி வாழ்வதற்கு ஏக்கம் காரணமன்று. அரசுப் படிவமே காரணம். மெய்நிகராக்க வரலாற்று நூல்கள் மேகக் கணிமையையும் தரவுமையங்களையும் விரிவாகப் பேசுகின்றன. மாதக் கடைசியில் உறக்கத்திலிருந்து எழுப்பப்படும் இந்த விருந்தினரை அவை பேசுவதில்லை.

இந்த ஒப்படைப்பில் சாவி பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் அப்படியில்லை. விருந்தினரின் சாளரத்தில் தட்டச்சிடும் கடவுச்சொல், காப்புறையிட்ட செய்திமுறை பயன்படாத டோக்கன்களில், வெளிப்படையான எண்களாகவே யூஎஸ்பி வேண்டுகோளில் ஏறிப் போகிறது. அந்த வேண்டுகோள் விருந்தோம்பியின் கெர்னல் வழியாகத்தான் கருவியை அடைய முடியும். லினக்ஸ் கெர்னலிலேயே யூஎஸ்பிப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் வசதி உண்டு. பிழை தேடுவோருக்காக எழுதப்பட்ட அது யாருக்கும் பயன்படும். விருந்தினரைத் தனிமைப்படுத்திவிட்டோம், எனவே பாதுகாப்பு என்று நினைப்பவர் தலைகீழாக எண்ணுகிறார். விருந்தோம்பியிடமிருந்து விருந்தினருக்கு மறைவிடம் ஏதுமில்லை. யூஎஸ்பி/ஐபி வழியாக டோக்கன் வலையமைப்பில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். அந்நெறிமுறை தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. பல தணிக்கை அலுவலகங்களில் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டியில், கடவுச்சொல் எழுதிய தாளோடு கிடப்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பெட்டிக்கும் 42-ஆம் பிரிவுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தொழில்நுட்பம் உருவாக்கவில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியாததாக மட்டுமே ஆக்கியது. பெட்டியையாவது எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. 2014 ஆகஸ்டில் கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் யூஎஸ்பிக் குச்சியின் உள்நிரலையே மாற்றி, அதை விசைப்பலகையாக நடிக்கச் செய்யலாம் என்று காட்டினர். தன்பெயர் தானே சொல்லும் கருவி பொய்ப்பெயரும் சொல்லும். ஐயத்துக்குரிய கருவியைத் தனி விருந்தினருக்குள் அடைத்துவைக்கும் க்யூப்ஸ் இயங்குதளத்தின் ஏற்பாடு இத்தகைய அச்சத்துக்கான விடை. ஒப்படைப்பு இங்கே காவலாக மாறுகிறது. ஆனால் காவல்சுவரிலும் விரிசல் உண்டு: 2020-இல் சிவிஇ-2020-14364 என்று பதிவான பிழை க்யூஎமுவின் யூஎஸ்பிப் பகுதியிலேயே இருந்தது. விருந்தினர் அனுப்பும் ஒரு வேண்டுகோளின் நீள எண்ணைச் சரிபார்ப்பதில் நேர்ந்த பிசகு, விருந்தோம்பியின் நினைவகத்தைத் தொடுவதற்கு வழிவிட்டது.

அதே 2020-இல் இந்திய அரசு வேறொரு விரிசலைச் சந்தித்தது. மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. கம்பெனியின் படிவத்தில் கையொப்பமிட வேண்டிய இயக்குநர் ஓரிடத்திலும் டோக்கன் பூட்டிய அலுவலகத்தின் மேசையறையிலும் இருந்தால் சட்டத்துக்கு உட்பட்ட வழியேதும் இல்லை. வலையமைப்பில் கருவியை அனுப்பும் தொழில்நுட்பம் பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. ஆனால் பூட்டிய அறையில் அணைந்து கிடக்கும் கணினியில் அதை ஓட்ட முடியாது. மே 5 அன்று வெளியான 38/2020 எண்ணுள்ள மத்திய வரி அறிவிக்கை, ஏப்ரல் 21 முதல் ஜூன் 30 வரை கம்பெனிகள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மின்சரிபார்ப்புக் குறியீட்டாலேயே, அதாவது கைப்பேசிக்கு வரும் எண்ணாலேயே, தாக்கல் செய்யலாம் என்று அனுமதித்தது. அவ்வறிக்கை சாவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனினும், பொருளாகிய சாவியைக் கையில் வைத்திருத்தல் என்ற பதினைந்தாண்டு ஏற்பாட்டை அரசே சில வாரங்களுக்கு ஒதுக்கிவைத்த ஆவணம் அது. இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் அதை ஒரு மூலச்சான்றாகக் கொள்ள வேண்டும்.

மாற்று அதற்கு முன்பே உருவாகத் தொடங்கியிருந்தது. 2015-இல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்ந்த இ-சைன் முறையில், ஆதார் வழியாக ஒருவர் தம்மை மெய்ப்பித்தவுடன் சேவை வழங்குவோரின் பாதுகாப்புப் பொறிக்குள் ஒரு சாவி பிறக்கிறது, ஒரே ஒரு கையொப்பத்தை இடுகிறது, உடனே அழிக்கப்படுகிறது. கையில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒப்படைக்கவும் எதுவும் இல்லை. இச்சேவையை வழங்கும் அமைப்புகளுள் ஒன்று, இ-ஹஸ்தாட்சர் என்ற பெயரில், புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சி-டாக். இடையில் நின்று நிரலை நம்பவைத்த அட்டையைச் செய்த நிறுவனமே கால் நூற்றாண்டுக்குப் பின் கருவியே தேவைப்படாத கையொப்பத்துக்கும் வந்து சேர்ந்தது. கம்பெனிகளின் தாக்கல்களுக்கோ இன்றும் டோக்கன்தான். ஆதார் இல்லாத வெளிநாட்டு இயக்குநர்களுக்கும் அதுவே வழி. பழைய விண்டோஸ் உறைந்து கிடக்கும் வட்டுக் கோப்பை இன்னும் பலர் அழிக்கவில்லை.